துண்டுக்குள் டிங்

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. முல்லையாற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். ஆற்றில் இப்போது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் மதகு திறக்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு சந்தேகப்படட்டும்.

பாண்டியம்மாளால் அப்படிப் பொறுத்திருக்க முடியவில்லை. அவளுக்குச் சந்தேகம் சென்ற வாரமே வந்துவிட்டது.

மகன் விஜய்ராஜ் அப்பாவுக்கென்று புதுப் போன் வாங்கிக் கொடுத்தானே, அன்றைக்குத் தொடங்கியது. கடையில் மெஷினுக்கு முன்னால் அந்தப் போனைக் காட்டினால் போதும். தொடவே வேண்டாம். 'டிங்' என்று ஒரு சத்தம், பணம் போய்விடும். சின்னத் தொகை என்றால் ரகசிய எண்கூடக் கேட்காது. போகிற பணம் தேனி பஜாரில் இருக்கிற அவர்களுடைய பாத்திரக் கடைக் கணக்கிலிருந்து. கணக்கு பாண்டியம்மாள் பெயரில்; எத்தனை போனில் ஏற்றினாலும் அந்த ஒரே கணக்குதான். ஆகவே புருசன் சங்கரலிங்கம் எங்கே எதை வாங்கினாலும், வாங்கிய பொருள் அவர் கைக்கு வருவதற்குள் செய்தி பெண்டாட்டி போனுக்கு வந்துவிடும்.

"நல்லதுதானம்மா? அப்பா எங்கன நிக்கிறாகன்னு உனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும்ல," என்றான் விஜய்ராஜ். சொல்லிவிட்டு, புதுக்கடைக்குச் சரக்கெடுக்கக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

புதுக்கடை சின்னமனூரில். வெள்ளிக்கிழமை திறப்பு. அதைச் சங்கரலிங்கம் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு. சாவி இன்னும் பாண்டியம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் அப்பா தேய்த்துத் தேய்த்து வளர்த்த கடை. அந்தத் தேனிக் கடையின் கிளைதான் புதுக்கடை. முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் புருசன் கையில் கொடுக்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் அவள் ஒரு வாரமாகக் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் பக்கத்துக் கடை கிங்ஸ்லி வேறு. கைக்கடிகாரக் கடை வைத்திருப்பவர். நேரம் நிறைய இருக்கும்.

"அக்கா, அந்தப் போன வெளிய விடாதீக," என்றார் அவர், குரலைத் தணித்து. "மெஷினுக்குப் பக்கத்துல போனாலே துட்டு போயிருது. தேவதானப்பட்டியில ஒருத்தரு தோப்புல படுத்துத் தூங்கியிருக்காரு. அவரு எருமை வந்து போன முழுங்கிருச்சு."

"எருமையா?"

"எருமைதான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புறப்ப தவிட்டுக்கடை வாசல்ல நின்னிருக்கு. உள்ள மெஷினு டிங்குன்னுருச்சு. கடைக்காரன் துட்டு வந்துருச்சுன்னு தவிட்ட எடுத்து வச்சிட்டான். மறுநாளும் அதே கடை, அதே டிங்கு. இப்ப அந்த எருமை வேற கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கிறதில்லக்கா. அங்கனதான் வாடிக்கை."

"சத்தியமாச் சொல்றியா தம்பி?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல போட்டிருக்கு. அதனால பண்ண மாட்டேன். ஆனா உண்மை."

வேதத்துக்குப் பயந்து சத்தியமே பண்ண மறுக்கிற மனிதர் பொய் சொல்வாரா? பாண்டியம்மாள் அன்றிலிருந்து அந்தப் போனை நல்லபாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அதற்கு மருந்து சொன்னது மருமகள் மகிமா. போடி ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பெண். விஜய்ராஜைக் கட்டிக்கொண்டு வந்து, மாமியாரோடு கடையில் உட்கார்ந்து, மூன்றே மாதத்தில் எவர்சில்வரையும் பித்தளையையும் தட்டிப் பார்த்தே எடை சொல்லப் பழகிவிட்டவள். "எவர்சில்வர் டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சா ஒரு அலையும் வெளிய வராதுத்தை. பயப்படாதீக," என்று விளையாட்டாகத்தான் சொன்னாள்.

பாத்திரக் கடைக்காரிக்கு எவர்சில்வருக்கா பஞ்சம்?

இன்று காலை சங்கரலிங்கம் குளிக்கப் போன நேரத்தில் பாண்டியம்மாள் அவருடைய போனைப் பாலித்தீன் பையில் சுற்றினாள். அடுப்படியில் இருந்த எவர்சில்வர்ப் புளிச் சம்படத்துக்குள், அடியில் வைத்தாள். மேலே ஒரு பெரிய புளி உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அமுக்கினாள். மூடியை இறுக்கிச் சம்படத்தை மேல்தட்டில் ஏற்றிவிட்டு, அரிசி களைகிற முகத்தோடு வந்து நின்றுகொண்டாள்.

சங்கரலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தோளில் துண்டு. வீட்டில் எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமல் தேடுகிறவரின் நடை.

"சுருளிப்பட்டியில அழகுமலையோட மாமனாரு செத்துட்டாராம். துட்டி கேட்டுட்டு வந்துருறேன்."

"அழகுமலை மாமனாரு போன வருசமே போயிட்டாகளே."

"அது பெரிய மாமனாரு. இவரு சின்ன மாமனாரு."

"எத்தனை மாமனாரு அவருக்கு?"

"இருந்தது ரெண்டு. இப்ப ஒண்ணுமில்ல." சங்கரலிங்கம் அலமாரியைத் திறந்து மூடினார். "எம் போனப் பாத்தியா?"

"துட்டி கேக்கப் போற எடத்துல போனு எதுக்கு? செத்தவருக்குக் காட்டவா?"

அவர் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பாண்டியம்மாளுக்கு உறுத்தியது. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பதில் பேசாமல் விட்ட இடமெல்லாம் பின்னால் செலவு வைத்த இடம்.

அவள் மகிமாவோடு கடைக்குக் கிளம்பினாள். தெரு முனையில் திரும்பிப் பார்த்தாள். சங்கரலிங்கம் வாசலில் நின்று, கையைத் தூக்கி, பத்திரமாகப் போய்வரும்படி சைகை காட்டினார். அப்படி அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

கடையில் முதல் வாடிக்கை ஒரு இட்லிக் கொப்பரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாளின் போன் 'டிங்' என்றது.

"வாசி தாயி."

மகிமா வாசித்தாள். "நூறு ரூபா போயிருக்குத்தை. எடம் சின்னமனூரு. வாங்குனவுக பேரு... கஸ்தூரி."

பாண்டியம்மாள் கொப்பரையைக் கீழே வைத்தாள். வாடிக்கைக்காரி அதைத்தான் விலை குறைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள்.

"சம்படத்தத் தெறந்துட்டாகடி."

"மாமாவுக்குச் சம்படத்துல இருக்கிறது எப்புடித்தை தெரியும்?"

"முப்பது மாட்டுக்கு நடுவுல சினை மாடு எதுன்னு வாசத்துலயே கண்டுபுடிச்ச மனுசன். புளிக்கு அடியில ஒரு போனு இருக்கிறது தெரியாதா?"

"சுருளிப்பட்டி பஸ்ஸு சின்னமனூரு வழியாத்தான போகுது? எறங்கி ஒரு காப்பி குடிச்சிருப்பாக."

'டிங்.'

அதே நூறு. அதே சின்னமனூர். அதே கஸ்தூரி.

"இதென்ன, ரெண்டாங் காப்பியா?" என்றாள் பாண்டியம்மாள்.

அவள் சங்கரலிங்கத்தின் எண்ணுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. இன்னொரு தடவை போட்டாள். அதே பெண், அதே பதில்.

"சின்னமனூர்ல டவரு இல்லையாக்கும்? துட்டு மட்டும் போகுது, பேச்சு வர மாட்டேங்குதே."

கிங்ஸ்லி கடிகாரங்களை அப்படியே போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"கஸ்தூரின்னா சொன்னீக? சின்னமனூர்ல ஒரு கஸ்தூரியம்மா இருக்காகக்கா. தனியாத்தான் இருக்காக. நல்ல வசதி." சற்று நிறுத்தி, யோசித்து, "நல்லாப் பேசுவாக," என்று சேர்த்துக்கொண்டார்.

'டிங்.'

அன்றைக்கு நடுப்பகலில் அந்தப் பாத்திரக் கடையின் ஷட்டர் இறங்கியது. பாண்டியம்மாளின் அப்பா செத்த அன்றைக்குக்கூட அரை ஷட்டர் திறந்திருந்த கடை அது. பஜார் முழுக்கத் தலையை நீட்டிப் பார்த்தது. யாரோ ஒருவர் ஊரடங்கு வந்துவிட்டதாக நினைத்துத் தன் கடையையும் இழுத்து மூடிவிட்டார்.

சின்னமனூர் வழியாகப் போகிற கம்பம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பாண்டியம்மாள் கடையிலிருந்து ஒரு அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். டிக்கெட் மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்டக்டர் நெருங்கியதும், தாம்பாளத்தைத் தன் கைப்பைக்கும் அந்த மெஷினுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்தாள்.

"என்னம்மா, சீரா?" என்றார் கண்டக்டர்.

"எட்ட நின்னே டிக்கெட்டக் குடுய்யா."

கண்டக்டர் கையை நீட்டித் தாம்பாளத்தில் டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார். பின் சீட்டுக் கிழவி அதைப் பார்த்துவிட்டு, கோயில் வசூல் என்று நினைத்து ஐந்து ரூபாய் போட்டாள்.

வீரபாண்டியைத் தாண்டியதும் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. வாழைத் தோட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. மகிமா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இறங்கி, வேறொன்று ஏறியிருந்தது.

"உங்க மாமா மாட்டுத் தரகராத்தான் இருந்தாக, தெரியும்ல?"

"அவுக சொல்லியிருக்காக."

"துண்டு போட்டுப் பேசுறதுல பேர் போன ஆளு."

துண்டு போட்டுப் பேசுவது என்றால், சந்தையில் வாங்குகிறவரும் விற்கிறவரும் வலது கைகளை நீட்ட, மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். வாய் ஊர்க்கதை பேசும். துண்டுக்கு உள்ளே விரல் விலை பேசும். இத்தனை விரலை அமுக்கினால் இத்தனை ரூபாய். ஏறுவது, இறங்குவது, மறுப்பது எல்லாம் உள்ளேயே. சுற்றி நிற்கிற ஐம்பது பேரில் ஒருவருக்கும் விலை தெரியாது. சங்கரலிங்கம் ஒருதடவை துண்டுக்குள் கையை விட்டால், எதிராளி மாட்டை விற்றுவிட்டு, விற்றது நல்லதுதான் என்று அவருக்கே டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான்.

"எங்கப்பா பொண்ணு குடுக்கிறப்ப ஒண்ணுதான் கேட்டாரு. எம் மகளக் கட்டுனா இனி மாட்டுவாலத் தொடக் கூடாதுன்னு. சரின்னு தலையாட்டுனாக. தாலி கட்டி முடிச்சதும் எங் கையப் புடிக்கச் சொன்னாக பாரு..." பாண்டியம்மாள் நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பழக்க தோசத்துல ரெண்டு வெரல அமுக்குனாக."

மகிமாவுக்குச் சிரிப்பு முட்டியது. "என்ன வெலைத்தை அது?"

"இன்னிவரைக்கும் நான் கேக்கல. இன்னிக்குக் கேக்கப் போறேன்."

'டிங்.'

சின்னமனூரில் கஸ்தூரியம்மாளின் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. சந்தை ரோட்டில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கிற பெரிய கடை. எதிரில் வாழைத்தார் மண்டி. வெட்டி இறக்கிய தார்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாமியாரும் மருமகளும் அந்தத் தார்களுக்குப் பின்னால் நின்றார்கள். மண்டிக்காரர் வந்து, தார் வேண்டுமா என்று கேட்டார். பாண்டியம்மாள் தாம்பாளத்தைத் தூக்கிக் காட்டியதும் ஏனென்று தெரியாமலே போய்விட்டார்.

இரண்டு தார்களுக்கு இடையில் ஒரு சந்து. அதன் வழியாகப் பார்த்தாள் பாண்டியம்மாள்.

கடைக்குள்ளே, தவிட்டு மூட்டைமேல் சங்கரலிங்கம். எதிர் மூட்டையில் ஒரு பெண்பிள்ளை. ஐம்பது வயது இருக்கும், காதில் பெரிய கல் தோடு, வாய் நிறைய வெற்றிலை. இரண்டு பேர் முழங்காலும் ஒட்டுகிற தூரம். நடுவில் ஒரு துண்டு. அந்தத் துண்டு பாண்டியம்மாள் நேற்று நீலம் போட்டு வெளுத்தது. துண்டுக்கு உள்ளே இரண்டு பேர் கையும்.

சங்கரலிங்கம் சிரித்தார். துண்டு அசைந்தது. அந்தப் பெண்பிள்ளையும் சிரித்தாள். மறுபடி அசைந்தது.

"நூறு ரூபாய் பெறப்பட்டது," என்று கடையிலிருந்த பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தது.

பாண்டியம்மாளின் போன் 'டிங்' என்றது.

அத்தனை நேரம் அவளுக்கு இருந்தது சந்தேகம். சந்தேகத்தில் ஒரு ஓரமாக, இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு இடம் இருக்கும். அந்த இடத்தில்தான் அவள் பஸ் ஏறி இதுவரை வந்து சேர்ந்தாள். இப்போது அதுவும் காலியாகிவிட்டது. கை தானாக முந்தானை முடிச்சைத் தேடி, சாவியைத் துணியோடு சேர்த்து இறுக்கியது.

"அத்தை, அவசரப்படாதீக..."

பாண்டியம்மாள் ரோட்டைக் கடந்துவிட்டாள். ஒரு மினி பஸ் அவளுக்காக நின்றது. அது ஸ்டாப்பிலேயே நிற்காத பஸ்.

"துட்டி கேட்டாச்சாக்கும்?"

சங்கரலிங்கம் எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. அதற்குள் அவர் கை மடிக்குப் போய் வந்துவிட்டது. உள்ளங்கை அளவில் எதையோ வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார்.

"ஏத்தா பாண்டி... நீ எங்க இங்கன?"

"அத நான் கேக்கணும். அழகுமலையோட செத்துப்போன மாமனாரு இந்தம்மாதானா?"

அந்தப் பெண்பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். "யாரு, மதினியா? வாங்க மதினி, உக்காருங்க. அண்ணே எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான்."

"எப்பப் பாத்தாலுமா?" என்றாள் பாண்டியம்மாள். "அப்ப அடிக்கடி பாக்கிறீகளாக்கும்."

கஸ்தூரியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். பேசிப் பழகியவள் மூடியதால் அது தெளிவாகத் தெரிந்தது.

சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார். சந்தையில் ஒரு பல் ஆடுகிற மாட்டை விற்கும்போது அவருக்கு வருகிற நிதானம் வந்தது.

"ஒங்கிட்ட மறைச்சது தப்புதான் தாயி. மாடு ஒண்ணு பாக்க வந்தேன். வெள்ளிக்கெழமை கடை தெறக்கிறப்ப பசுவும் கன்னுமா உள்ள கூட்டியாரணும்னு ஒரு ஆசை. ஒனக்குச் சொன்னா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீகன்னு கேப்ப. அதான் துட்டின்னு சொன்னேன்."

"மாட்டுக்கு வெலை பேசுனா நூறு நூறாவா போகும்?"

"அதத்தான் நானும் இப்பத்தான் கண்டேன்! துண்டுக்குள்ள எங் கையில போனு இருந்துச்சு. மறந்துபோயிக் கையிலயே வச்சிருந்திருக்கேன். இந்தம்மா மடியில துட்டு வாங்குற மெஷினு. நான் ஒரு வெரல அமுக்குறப்பல்லாம் போனு மெஷினுகிட்டப் போயிருக்கு, டிங்கு டிங்குன்னு துட்டு போயிருக்கு. பேரத்துல இருந்தமா, காதுல விழல."

"பெட்டி ஊரக் கூட்டுதே, அதுவுமா காதுல விழல?"

"யாரோ தவிடு வாங்குறாகன்னு நெனச்சேன்."

கஸ்தூரியம்மாள் வேகமாகத் தலையாட்டினாள். "ஆமா மதினி. தவிட்டு யாவாரம் பாத்துக்கிட்டே பேசுனோமா..."

கடையில் தவிடு வாங்குகிறவர் ஒருவரும் இல்லை. மகிமா உள்ளே வந்து நின்றாள்.

"ஒவ்வொரு தடவையும் மெஷின்ல தொகைய அடிச்சாத்தான மாமா துட்டு போகும்?"

சங்கரலிங்கம் மருமகளைப் பார்த்தார். மருமகள் தேர்வில் மகன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டானோ என்று அவர் அப்போது நினைத்ததாகத் தெரிகிறது.

"அந்த மெஷினுல ஒரு பட்டன் அமுங்குனா எந்திரிக்க மாட்டேங்குதுமா," என்றாள் கஸ்தூரியம்மாள். "நூறுலயே நின்னுபோச்சு. நேத்து ஒருத்தரு மூட்டையா வாங்கிட்டு நூறு குடுத்துட்டுப் போனாரு."

"போன எடுங்க மாமா, செட்டிங்க மாத்தித் தாரேன்."

"சார்ஜு போச்சு தாயி." கை மறுபடி மடியைத் தொட்டுவிட்டு வந்தது. "இத்தனை துட்டு போனா சார்ஜு எங்கிட்டு நிக்கும்?"

"அதான் நான் கூப்பிட்டப்பல்லாம் கெடைக்கலையா?" என்றாள் பாண்டியம்மாள்.

"அதேதான்!" என்றார் சங்கரலிங்கம். மனிதர் அத்தனை சந்தோஷப்பட்டார்.

"மாடு எங்க மாமா?" என்றாள் மகிமா.

சங்கரலிங்கமும் கஸ்தூரியம்மாளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் கையைக் காட்டினார்கள். பிறகு இருவர் கையும் நகர்ந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒரு மாட்டில் வந்து சேர்ந்தன. மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது. அங்கே இருந்த யாரையும் தெரிந்த மாதிரி அது காட்டிக்கொள்ளவில்லை.

"கன்னு?"

"மேச்சலுக்குப் போயிருக்கு."

பாண்டியம்மாள் மாட்டைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து எடுத்து உதறினாள். தவிடு பறந்தது.

"எல்லாம் சரி. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாம பதில் வரணும்."

அவள் துண்டைத் தன் வலக்கைமேல் போட்டு நீட்டினாள். வாழை மண்டிக்காரர் ரோட்டைக் கடந்து வந்து நின்றுகொண்டார்.

"கல்யாணத்தன்னைக்கு ரெண்டு வெரல அமுக்குனீகளே. அது என்ன வெலை?"

சங்கரலிங்கம் அவள் நீட்டிய கையைப் பார்த்தார். எத்தனையோ சந்தை பார்த்த முகத்தில் முதன்முதலாக விலை தெரியாத ஒரு திகைப்பு வந்தது.

"அது... வெலை இல்ல பாண்டி. கையி நடுங்குச்சு. நடுக்கம் தெரியக் கூடாதேன்னு புடிச்சேன். ரெண்டு வெரலுதான் சிக்குச்சு."

"இன்னிக்கு?"

அவர் கையைத் துண்டுக்குள் விட்டார். உள்ளே என்ன நடந்தது என்பது துண்டுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தது இவ்வளவுதான்: பாண்டியம்மாளின் காது மடல் சிவந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சுமா?" என்றாள்.

"அதுக்கு மேல கையில வெரல் இல்லையே."

இடக்கையால் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவி துண்டுக்குள் போனது. துண்டை எடுத்தபோது அது அவர் உள்ளங்கையில் இருந்தது. கஸ்தூரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மண்டிக்காரர் யாரும் கேட்காமலே ஒரு சீப்புப் பழத்தைப் பிய்த்துக் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்தார்.

வந்த பணத்துக்கு ஈடாகக் கஸ்தூரியம்மாள் ஒரு மூட்டைத் தவிடு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பாத்திரக் கடைக்காரிக்குத் தவிடு எதற்கு என்று சொல்லிப் பார்த்தும் விடவில்லை. மூட்டை பஸ்ஸில் ஏறியது.

"நான் இங்கனயே தங்கிக் கடையக் கூட்டிப் பெருக்கி வச்சிட்டு வாரேன்," என்றார் சங்கரலிங்கம், ஜன்னலுக்குக் கீழே நின்று. "திறப்புக்கு நாள் இல்லையே."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு?"

"கஸ்தூரி தங்கச்சி தரும்."

பஸ் கிளம்பிவிட்டது.

மகிமா ஜன்னல் வழியாகப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சீலையம்பட்டி தாண்டும்போது, "அந்த மாட்டுக்காரரு வந்து அவுத்துக்கிட்டுப் போனாருத்தை. நான் பாத்தேன்," என்றாள்.

"வித்தவுக அவுக்கத்தான செய்வாக," என்றாள் பாண்டியம்மாள். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். மகிமா தவிட்டு மூட்டையை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்டியம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். இன்றைக்குக் குழம்புக்கு ஒரே ஒரு தடவைதான் உப்புப் போடுவதாக முடிவு செய்திருந்தாள்.

இடுப்பிலிருந்த போன் 'டிங்' என்றது.

"வாசிக்கவா அத்தை?"

"வேணாம்டி. கையில போனோட மறுபடி துண்டுக்குள்ள கைய விட்டிருப்பாக, வேறென்ன." பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எட்டி, புளி எடுப்பதற்காகச் சம்படத்தை இறக்கினாள். காலையில் இறுக்கிய மூடி நெம்பித்தான் வந்தது.

புளி உருண்டை அவள் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தோடு வைத்தபடியே இருந்தது. அதற்கு அடியில், பாலித்தீன் பைக்குள், சங்கரலிங்கத்தின் போன் இருந்தது.